அந்த மிக்சி சத்தம் எத்தனை கட்டை?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு, பிள்ளைங்களுக்கான இசை சிகிச்சை பத்தி. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இந்த நாலை மட்டும் எடுத்துக்கறேன். முதல் கடிதத்துக்கு பதில் ரொம்ப நீளமா போயிடுச்சு, நானும் 20 வருஷமா இதே வேலையில இருக்கேன், சுருக்க மனசு வரல.

கேள்வி: அக்கா வணக்கம். திருச்சியில ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல மியூசிக் தெரபிஸ்ட்டா இருக்கேன், 6 வருஷம் ஆச்சு. ஒரு நாளைக்கு 7 செஷன், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம், 4 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் பிள்ளைங்க, ஆட்டிசம், சிபி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சிக்கலாகறது), டவுன் சிண்ட்ரோம்னு எல்லாரும் வர்றாங்க. முதல் ரெண்டு வருஷம் ராத்திரி தூக்கத்துல கூட புதுசு புதுசா ஐடியா வரும். இப்ப அதே வணக்கம் பாட்டு, அதே 5 ரைம்ஸ், அதே ஷேக்கர், அதே டாட்டா பாட்டு. யூடியூப்ல தேடி ஒரு ஆக்டிவிட்டி கண்டுபிடிச்சா ரெண்டே நாள்ல பழசாயிடுது. 11 வருஷம் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவ நான், ஆனா செஷன்ல கீபோர்டு முன்னாடி உக்காந்தா கை அப்படியே நின்னுடுது. எனக்குள்ள இருந்த கற்பனை தீர்ந்துபோச்சோன்னு பயமா இருக்கு அக்கா.
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன்மா. அதுல வணக்கம் பாட்டு இருக்கு, ஷேக்கர் இருக்கு, யூடியூப் இருக்கு, கீபோர்டு இருக்கு, உங்க பயமும் இருக்கு. ஒரு பிள்ளை என்ன சத்தம் போட்டுச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. குறையா சொல்லல, நானும் பல வருஷம் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதிட்டு இருந்தேன், அதனாலதான் உடனே கண்ணுல பட்டுச்சு.

என்கிட்ட 7 வயசுல ஒரு பையன் வந்தான். பேச்சு கிடையாது. உள்ள வந்த நிமிஷத்துல இருந்து போற வரைக்கும் ம்ம்ம்ம்னு ஒரே சுருதியில முனகிட்டே இருப்பான், அவங்க அம்மா வெக்கத்தோட "வீட்லயும் இதே தான் மேடம், மிக்சி ஓடற மாதிரி" அப்படிம்பாங்க. நான் 3 மாசம் அந்த முனகல் மேலயே பாட்டு பாடினேன், மேலயேன்னா அதை அமுக்கற மாதிரி. நல்ல நல்ல பாட்டு, படம் வச்ச அட்டை, பொம்மை எல்லாம் ரெடி பண்ணிட்டு போவேன், அவன் சுவத்தைப் பாத்துட்டு முனகுவான். ஒரு நாள் எனக்கு தொண்டை கட்டிடுச்சு, பாட முடியல, செஷனை கேன்சல் பண்ண மனசு இல்லாம சும்மா போய் பக்கத்துல தரையில உக்காந்தேன். வேற வேலை இல்லாததால சுருதி பெட்டியை எடுத்து அவன் முனகற இடத்தை தேடினேன். கிட்டத்தட்ட 5 கட்டை. அதுல வச்சிட்டு சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்துல அவன் நிறுத்திட்டான். நானும் பெட்டியை நிறுத்தினேன். அவன் திரும்பி பெட்டியைப் பாத்தான், ம்ம்ம்னு ஆரம்பிச்சான், நான் பெட்டியை போட்டேன். அந்த அரை மணி நேரம் முழுக்க அவன் ஆன் பண்ணுவான் நான் ஆன், அவன் ஆஃப் நான் ஆஃப். 3 மாசத்துல என்னைப் பாக்காத பிள்ளை.

அடுத்த வாரம் அவங்க அம்மாகிட்ட அந்த மிக்சியில என்ன அரைப்பீங்கன்னு கேட்டேன், தேங்கா சட்னின்னாங்க, அப்படித்தான் எங்க சட்னி பாட்டு பொறந்துச்சு. தேங்கா போடு, பொட்டுக்கடலை போடு, மிளகா போடு, அப்புறம் ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்துல அவன் தான் மிக்சி. 4 மாசம் ஓடுச்சு அந்த ஒரே பாட்டு, ஒரு நாள் கூட எனக்கு அலுக்கல. அவன் அதுக்கப்புறம் பேசிட்டான்னு எழுதினா படிக்க நல்லா இருக்கும், ஆனா பேசல. தன்னோட முறை வர்ற வரைக்கும் காத்திருக்க கத்துக்கிட்டான், என் வாயைப் பாத்துட்டே காத்திருப்பான், அதுக்கு முன்னாடி அவன் யாருக்காகவும் காத்திருந்ததே இல்ல.

இது என் கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. பால் நார்டாஃப்னு ஒரு அமெரிக்க இசையமைப்பாளர், காலேஜ்ல சொல்லிக்கொடுத்துட்டு இருந்தவர், இங்கிலாந்துல சன்ஃபீல்டுங்கற சிறப்புக் குழந்தைகள் இல்லத்துக்கு போய் அங்க இருந்த கிளைவ் ராபின்ஸ்ங்கற ஆசிரியரோட 1959ல வேலையை ஆரம்பிச்சார். நார்டாஃப் பியானோவுல உக்காருவார், ராபின்ஸ் பிள்ளை பக்கத்துல இருப்பார். பிள்ளை அழுதா அந்த அழுகையோட சுருதியை பிடிச்சு வாசிப்பாங்க, மேளத்தை தாறுமாறா அடிச்சா அந்த தாறுமாறுக்கு ஏத்த மாதிரி பியானோ போகும். இன்னிக்கு உலகம் பூரா நார்டாஃப் ராபின்ஸ் முறைன்னு சொல்லித்தர்றது இங்க இருந்து வந்தது தான். நமக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு, அவங்க செஷனை எல்லாம் டேப்புல பதிவு பண்ணி அப்புறம் உக்காந்து நிமிஷம் நிமிஷமா கேட்டு குறிப்பு எழுதுவாங்க. நீங்க வாரத்துக்கு ஒரே ஒரு செஷன், அதுல முதல் 10 நிமிஷம், ஃபோன்ல ஆடியோ மட்டும் எடுங்க. பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு தான் எடுக்கணும், வாட்ஸப்ல யாருக்கும் அனுப்பக் கூடாது. ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, நீங்க பண்ணினதை எழுதாதீங்க, பிள்ளை போட்ட சத்தத்தை மட்டும் எழுதுங்க. நான் முதல் தடவை கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஒரு பொண்ணு ரொம்ப சின்னதா "ஆ" ன்னு சொல்லியிருக்கா, நான் ரெண்டு செகண்டு கூட விடாம அடுத்த பாட்டை எடுத்துட்டேன். 10 நிமிஷத்துல அப்படி 4 தடவை. அந்த நாலு "ஆ" தான் என்னோட அடுத்த மாச வேலை ஆச்சு.

அடுத்து உங்க கை நிக்கறது. 11 வருஷம் கத்துக்கிட்டேங்கறீங்க, அப்ப நிரவல் பாடியிருப்பீங்க. ஒரே ஒரு வரி, வார்த்தை மாறாது, விழற இடம் மாறாது, சங்கதி, அதாவது அந்த வரியைப் பாடற ஸ்வர வளைவு மட்டும் மாறிட்டே போகும். பிள்ளைங்க செஷனுக்கு இதை விட ஏத்த பயிற்சி எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. பாட்டு யோசிக்காதீங்க, ஒரு வரி எடுங்க, அந்த பிள்ளை அன்னிக்கு பண்ற காரியம் தான் வரி. "செருப்பை கழட்டு உள்ள வா", "ஃபேன் சுத்துது பாரு", அவ்வளவு தான். அதை நிரவல் பண்ணுங்க, மெதுவா, வேகமா, மேல, கீழ, ரகசியமா. பிள்ளைக்கு வரி மாறாததால பயம் இல்ல, உங்களுக்கு சங்கதி மாறறதால அலுப்பு இல்ல. நம்ம தாலாட்டும் இந்த வழி தானே. யாரு அடிச்சு அழுதேன்னு கேட்டுட்டு அத்தை, மாமா, பாட்டின்னு அந்த வீட்டு ஆளுங்களை ஒவ்வொருத்தரா அதுல உக்கார வச்சுட்டே போறது. பாடின அம்மாக்கள் யாரும் அடுத்து என்ன பாடறதுன்னு திகைச்சு நிக்கல, தொட்டில்ல யாரு இருக்காங்கன்னு பாத்து பாடினாங்க.

கீபோர்டுக்கு ஒரு வழி சொல்றேன், இது இந்த ஊர் சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு தான் சட்டுனு புரியும். பட்டையை கழட்டி மாட்டற சைலஃபோன் ஸ்கூல்ல இருக்கும்ல, கார்ல் ஆர்ஃப்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளரோட முறையில பயன்படுத்தறது, அதுல ம பட்டையையும் நி பட்டையையும் கழட்டிடுங்க. மிச்சம் ச ரி க ப த, மோகன ராகம். ஒட்டி இருக்கற அரை ஸ்வரமே இல்லாததால பிள்ளை எந்த ரெண்டு பட்டையை சேத்து தட்டினாலும் காதுக்கு கரகரன்னு இருக்காது. இது எல்லா தெரபிஸ்ட்டும் பண்றது. இப்ப பிள்ளையை அவன் இஷ்டத்துக்கு தட்ட விட்டுட்டு நீங்க கீபோர்டுல பிடிக்கற ஆதார சுருதியை மட்டும் ரி பட்டைக்கு மாத்துங்க, அவன் கை அதையே தான் தட்டும், ஆனா ரூம்ல மத்யமாவதி கேக்கும். க வுக்கு மாத்தினா ஹிந்தோளம். ப வுக்கு சுத்த சாவேரி. த வுக்கு சுத்த தன்யாசி. கிரக பேதம்னு தியரியில மார்க்குக்காக படிச்சோமே, அதே தான். அஞ்சே பட்டை, பிள்ளைக்கு எந்த புது விதியும் இல்ல, நீங்க கீழ தரையை மட்டும் மாத்தறீங்க. சில பிள்ளைங்க சுருதி மாறின உடனே கையை நிறுத்திட்டு நிமிர்ந்து பாப்பாங்க. அப்ப நீங்களும் நிறுத்துங்க, அடுத்து என்னன்னு அவன் சொல்வான்.

தாளத்துக்கும் இப்படித்தான். சிபி இருக்கற ஒரு பொண்ணு, ஒரு பக்கம் கால் இழுத்து நடப்பா. ரொம்ப நாளா நான் நாலு எண்ணிக்கையில மார்ச் மாதிரி தட்டி அவளை அதுக்குள்ள நடக்க வைக்க பாத்தேன், பாவம் திணறினா. ஒரு நாள் அவ வராண்டாவுல நடந்து வர்ற சத்தத்தை உள்ள இருந்து கேட்டேன், ஒரு கால் சின்னது ஒரு கால் பெருசு, தக தகிட, தக தகிட. அது அஞ்சு எண்ணிக்கையில போற கண்ட நடைங்கற தாளம். அன்னிக்கு கஞ்சிரா எடுத்து அஞ்சுல தட்டினேன், வாயால ஜதியும் சொன்னேன், அவ சிரிச்சுட்டே ரெண்டு தடவை ரூமை சுத்தி வந்தா. நடையை சரி பண்றது ஃபிசியோதெரபிஸ்ட் வேலை, அதுல நான் தலையிடல. ஆனா அவ நடக்கற நடைக்கு ஒரு தாளம் ஏற்கனவே நம்மகிட்ட இருக்குன்னு அவளுக்கு காட்ட முடிஞ்சுது.

இன்னும் ரெண்டு விஷயம். ஒரு நாளைக்கு 7 செஷன் இடைவெளி இல்லாம எடுத்தா யார் காதும் மரத்துப்போகும், இதுக்கு கற்பனையோட சம்பந்தம் இல்ல. நிர்வாகத்துகிட்ட கேட்டு ஒவ்வொரு செஷனுக்கு நடுவுலயும் 10 நிமிஷம் வாங்குங்க, குறிப்பு எழுதணும்னு சொன்னா ஒத்துப்பாங்க, நிஜமாவே குறிப்பும் எழுதுங்க. அப்புறம், நீங்க கடைசியா உங்களுக்காக பாடினது எப்போ? பிள்ளைங்களுக்கு இல்ல, ஸ்கூல் விழாவுக்கு இல்ல. காலையில ஒரு கால் மணி நேரம் சுருதி போட்டு ஒரு வர்ணம், யாரும் கேக்க வேண்டாம். நான் அதை விட்டிருந்த ரெண்டு வருஷத்துல தான் எனக்கும் பிள்ளைங்க சத்தம் இரைச்சலா கேக்க ஆரம்பிச்சுது, ரெண்டும் ஒரே சமயத்துல நடந்ததை நான் பின்னால தான் கவனிச்சேன்.

அடுத்த கடிதத்துல ஒரு பிள்ளை போட்ட சத்தத்தை எழுதி அனுப்புங்க. எழுத முடியாத சத்தமா இருந்தா ஸ்வரமா எழுதுங்க.

கேள்வி: என் மகனுக்கு 5 வயசு, ஆட்டிசம். இசை சிகிச்சைக்கு 5 மாசமா கூட்டிட்டு போறேன் மேடம். அந்த தெரபிஸ்ட் ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு தான் பாடறாங்க. வீட்லயும் அவன் அதையே 30 தடவை கேக்கறான். ஒரு பாட்டுக்கா இத்தனை ஃபீஸ்னு வீட்டுக்காரர் கேக்கறார், எனக்கு பதில் தெரியல.
ஒரு அம்மா, திருநெல்வேலி

பதில்: உங்க வீட்டுக்காரர் கேக்கறது நியாயமான கேள்வி தான்மா, கோவப்படாதீங்க. பாட்டு ஒண்ணா இருக்கறது தப்பில்ல. அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சா தான் இந்த பிள்ளைங்களுக்கு உள்ள நுழைய தைரியம் வரும், நாள் பூரா எதிர்பாக்காத சத்தமும் வெளிச்சமும் அவங்களை அடிச்சுட்டே இருக்கு, அந்த ஒரு பாட்டு தான் தெரிஞ்ச வாசப்படி. நீங்க பாக்க வேண்டியது பாட்டுக்குள்ள எதாவது மாறுதான்னு. முதல் மாசம் முழுப் பாட்டையும் அவங்களே பாடினாங்க, இப்ப கடைசி வார்த்தையை விட்டுட்டு உங்க மகனுக்காக காத்திருக்காங்களா? அவன் கையில இருந்து அவங்க கைக்கு குச்சி மாறுதா? அவன் அவசரப்பட்டா பாட்டும் அவசரப்படுதா? இதுல ஒண்ணு நடந்தாலும் வேலை நடக்குதுன்னு அர்த்தம். 5 மாசமா ஒரு புள்ளி கூட மாறாம ஃபோன்ல டிராக் போட்டு ஓட்டறாங்கன்னா, என்ன இலக்கு வச்சிருக்கீங்கன்னு எழுத்துல கேளுங்க, கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் செஷனுக்கு கூட்டிட்டு போங்க, அவரும் தரையில உக்காரட்டும்.

கேள்வி: இசைக் கல்லூரியில ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் மேடம், இசை சிகிச்சை பக்கம் வர ஆசை. எந்த ராகம் எந்த நோய்க்குன்னு ஒரு பட்டியல் நிறைய இடத்துல பாத்தேன், ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு. பிள்ளைங்களுக்கு சரியான பட்டியல் எது? நீலாம்பரி பாடினா தூங்கிடுவாங்களா?
மாணவர், கோயம்புத்தூர்

பதில்: அப்படி ஒரு சரியான பட்டியல் இல்ல தம்பி. முரணா இருக்குன்னு கவனிச்சீங்க பாருங்க, அந்த காதை விட்டுடாதீங்க. முத்துஸ்வாமி தீட்சிதர் தன் சிஷ்யரோட வயித்து வலிக்காக நவகிரக கிருதி பாடினார்னு வழிவழியா சொல்லுவாங்க, அது ஒரு குரு சிஷ்யன் மேல வச்ச பாசத்தோட கதை, அதை நான் மதிக்கிறேன், மருந்துச் சீட்டா மாத்த மாட்டேன். தூக்கத்துக்கு நீலாம்பரிங்கறது நம்ம பழக்கம், அழகான பழக்கம், ஆனா அதையே வேகமா உரக்க பாடிப் பாருங்க, எந்த பிள்ளை தூங்கும்? வேகமும் சத்த அளவும் குரலோட மென்மையும் தான் அங்க பெரிய வேலை செய்யுது.

துள்ளிட்டு இருக்கற பிள்ளைக்கு முன்னாடி நேரா தாலாட்டு பாடினா எடுபடாது. முதல்ல அவன் துள்ளற வேகத்துல தொடங்கி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். இதுக்கு ஐசோ கொள்கைன்னு பேர், ஆல்ட்ஷுலர்ங்கற மனநல மருத்துவர் 1940கள்லயே எழுதினது. பட்டியலை விட இது உங்களுக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

இன்னொண்ணும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க. 2017ல ஜாமாங்கற மருத்துவ இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 9 நாடு, 4 வயசுல இருந்து 7 வயசு வரைக்கும் ஆட்டிசம் உள்ள 364 பிள்ளைங்க, பாதி பேருக்கு வழக்கமான கவனிப்போட பிள்ளைக்கு ஏத்த மாதிரி அந்த நிமிஷத்துல கற்பனையா வாசிக்கற இசை சிகிச்சையும் சேத்து குடுத்தாங்க, 5 மாசம் கழிச்சு ஆட்டிசத்தோட சமூக அறிகுறிகள்ல குறிப்பிட்டுச் சொல்ற வித்தியாசம் தெரியல. அதை படிச்ச ராத்திரி எனக்கு கஷ்டமா தான் இருந்துச்சு. ஆனா அந்த ஆய்வை நான் ஒவ்வொரு புது பெத்தவங்களுக்கும் சொல்றேன், ஆட்டிசத்தை இசை குணமாக்கும்னு யார்கிட்டயும் வாக்கு குடுக்கறதில்ல. நான் வாக்கு குடுக்கறது, உங்க பிள்ளையோட சேந்து இருக்க ஒரு வழி தேடுவேன்னு. குணமாக்கும்னு சொல்லி காசு வாங்கறவங்ககிட்ட வேலை பழகாதீங்க தம்பி, நல்லா பாடறவங்களா இருந்தாலும் பரவால்ல, போகாதீங்க.

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கம் அங்கன்வாடி டீச்சர்ங்க. மூணு வயசு முடிஞ்ச ஒரு பையன் இன்னும் பேசல, ஆனா பாட்டு போட்டா ஆடுறான். என்கிட்ட வாத்தியம் எதுவும் கிடையாது. என்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்?
அங்கன்வாடி பணியாளர்

பதில்: வாங்கறதுக்கு முன்னாடி அவனுக்கு காது டெஸ்ட் ஆச்சான்னு பாருங்க டீச்சர். பாட்டு போட்டா ஆடுறான்னா காது நல்லா கேக்குதுன்னு நாம முடிவு பண்ணிடுவோம், ஸ்பீக்கரோட அதிர்வுக்கும், பக்கத்து பிள்ளைங்க ஆடறதைப் பாத்தும் ஆடலாம். உங்க மையத்துக்கு பிள்ளைங்களைப் பரிசோதிக்கற அரசு ஆர்பிஎஸ்கே திட்டத்து டாக்டர் டீம் வரும்ல, அவங்ககிட்ட இவன் பேரை முதல்ல எழுதிக் குடுங்க, மாவட்ட ஆஸ்பத்திரியில இருக்கற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லி கேளுங்க. அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அவங்க அம்மாவை நேரா அனுப்பினாலும் சரி.

வாத்தியத்துக்கு காசு வேண்டாம். சாப்பாட்டு தட்டை கவுத்து வச்சு மரக் கரண்டி குடுங்க, இரும்புக் கரண்டி வேண்டாம், சத்தம் கூர்மையா இருக்கும், சில பிள்ளைங்க காதை பொத்திப்பாங்க. சின்ன பாட்டில்ல அரிசியோ பயறோ போட்டு மூடியை பசை வச்சு ஒட்டி மேல டேப்பும் சுத்துங்க, பிரிஞ்சு வாயில போயிடக் கூடாது. தினம் காலையில வருகை எடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளை பேரையும் கூப்பிடற மாதிரி ரெண்டு ஸ்வரத்துல பாடுங்க, வாசல்ல நின்னு "அம்...மா" ன்னு இழுத்து கூப்பிடறோமே, பெரும்பாலும் ப வுல தொடங்கி க வுல இறங்கும், அது போதும். பேர் வந்த பிள்ளை தட்டுல ஒரு தட்டு தட்டணும். இவன் பேர் வரும்போது தட்டலன்னா அடுத்த பேருக்கு உடனே போகாதீங்க. மனசுக்குள்ள 10 எண்ணுங்க. மத்த பிள்ளைங்களையும் சேத்து எண்ண வைக்கலாம், ஆனா சத்தமில்லாம, விரல்ல.